விசை நின்ற பிறகு

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது மாமா நாலு பேரோடு பங்கு சேர்ந்து ஒரு ரிக் வண்டி எடுத்தார். ஆழ்குழாய்க் கிணறு போடுகிற வண்டி. திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் வடக்கே ஏதாவது ஒரு வறண்ட ஊரில் இரும்புக் குழாய்களைச் சுமந்துகொண்டு நிற்கும் பெரிய லாரியைப் பார்த்தால் நம்பர் பலகையைக் கவனியுங்கள். டிஎன் 34 என்று இருந்தால் அது எங்கள் ஊர் வண்டி.

மலையடிவாரத்தில் பூசை போட்டு, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டிரைவரண்ணன் ஏறி உட்கார்ந்தார். இருபது வருடமாக லாரி ஓட்டுகிறவர். அதுவரை அவர் ஓட்டியதெல்லாம் பழைய வண்டிகள். நிற்கிற வண்டியில் ஸ்டேரிங்கைத் திருப்ப வேண்டுமென்றால் சீட்டைவிட்டு அரையடி எழும்பி, தோளை முழுக்கக் கொடுத்துத் திருப்புவார். புது வண்டியில் பவர் ஸ்டேரிங். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. ரோட்டுக்குத் திருப்ப வழக்கம்போலத் தோளைக் கொடுத்தார். சக்கரம் சுழன்ற சுழற்சியில் வண்டி ரோட்டை விட்டுவிட்டுப் புளியமரத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. பிரேக் போட்டுவிட்டார். பெண்கள் சாமியைக் கூப்பிட்டார்கள். மாமாவின் முகம் செத்துப்போயிற்று.

இறங்கி வந்து டிரைவரண்ணன் சொன்னது மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.

“எதுக்கவே மாட்டேங்குதுங். நாம திருப்பறப்ப ஆரோ பக்கத்துல உக்காந்துட்டு அவியளும் சேந்து திருப்பறாப்பல இருக்குது.”

வண்டியில் அவரைத் தவிர யாரும் இல்லை. உண்மையில் நடந்தது, இருபது வருடமாக அவரை எதிர்த்துக்கொண்டிருந்த ஒன்று அன்றைக்கு இல்லாமல் போனது. ஆனால் அவருக்கு ஒன்று குறைந்ததாகத் தோன்றவில்லை. புதிதாக ஒருவர் வந்து தள்ளுவதாகத் தோன்றியது. மூன்று நாளில் பழகிவிட்டது. அப்புறம் பழைய வண்டியை எடுக்க நேர்ந்தபோது, “இதென்ன, கல்லக் கட்டி வெச்சாப்பல இருக்குது” என்று அலுத்துக்கொண்டார். இருபது வருடம் அந்தக் கல் அவருக்குத் தெரியவே இல்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கல்லைப் பற்றியது.

*

2025 ஜூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா ஜூலை 15-ஆம் தேதி பூமிக்குத் திரும்பினார். திரும்பிய பிறகு நடந்ததாக அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் செய்திகளில் வந்தன. படம் எடுக்கலாம் என்று செல்போனைக் கையில் வாங்கியதும் அது அவ்வளவு கனமாக இருந்திருக்கிறது. இன்னொரு நாள் படுக்கையில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு, மடிக்கணினியை மூடிப் பக்கத்தில் காற்றில் விட்டிருக்கிறார், மிதக்கும் என்று. அது கீழே விழுந்தது. நல்லவேளையாகத் தரையில் விரிப்பு இருந்தது.

சுமார் இருபது நாள்தான் அவர் மேலே இருந்தார். அதற்கு முன் நாற்பது வருடம் புவியீர்ப்பில் வாழ்ந்த உடம்பு. பொருளை விட்டால் விழும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அவருக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியவில்லை.

கை இப்படி எதைக் கற்றுக்கொள்கிறது என்று கேட்டு 1994-ல் இரண்டு சோதனைகள் வெளியாயின. ஒன்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரெஸா ஷத்மெரும் ஃபெர்டினாண்டோ முசா-இவால்டியும் செய்தது. ஓர் இயந்திரக் கரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரையில் தெரியும் புள்ளிக்குக் கையைக் கொண்டுபோக வேண்டும். சாதாரணமாக யார் செய்தாலும் கை நேர்க்கோட்டில் போகும். திடீரென்று மோட்டார் ஓட ஆரம்பிக்கும். கை நகரும் வேகத்துக்கு ஏற்றபடி அது கையைத் தள்ளும். கை நின்றுவிட்டால் தள்ளல் இல்லை. முதலில் கை கோணிக்கொண்டு போகிறது. திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, தள்ளல் இருக்கும்போதே பாதை மறுபடி நேராகிவிடுகிறது. நேரான பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். கை எதிர்ப்பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று, முதலில் கோணியதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி.

ஆக, கை விறைத்துக்கொண்டு தள்ளலைச் சமாளித்திருக்கவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு தள்ளும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதற்குச் சரியான எதிர்விசையைத் தன் அசைவுக்குள்ளேயே கலந்து வைத்திருந்தது. தள்ளல் இருக்கும்வரை அந்தக் கணக்கு வெளியே தெரியாது. பார்ப்பவருக்கு நேர்க்கோடு மட்டும்தான் தெரியும். மோட்டார் நின்றால்தான் உள்ளே இருந்தது வெளியே வருகிறது. இதை ஆங்கிலத்தில் ஆஃப்டர்-எஃபெக்ட் என்கிறார்கள். நான் எச்சம் என்று சொல்லிக்கொள்கிறேன். முடியாமல் நிற்கும் வினைக்கும் தமிழில் அதுதான் பெயர்.

இரண்டாவது சோதனை இன்னும் விசித்திரமானது. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லாக்னரும் பால் டிஸியோவும் செய்தது. ஓர் அறையே சுற்றும், நிமிடத்துக்கு 10 சுற்று. மெதுமெதுவாக வேகம் கூட்டுவதால் உள்ளே நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுற்றுவதே தெரியாது. அவர் கையை நீட்டினால் மட்டும், சுழலும் அறைக்கே உரிய கோரியாலிஸ் விசை கையைப் பக்கவாட்டில் இழுக்கும். அறை இடஞ்சுழியாகச் சுற்றினால் கை வலப்பக்கம் போகும். கொஞ்சம் தடவை நீட்டி நீட்டிப் பார்த்ததும் சரியாகிவிடுகிறது. இருட்டிலும்கூட.

இங்கேதான் எனக்கு டிரைவரண்ணன் நினைவுக்கு வந்தார். பழகிய பிறகு அந்த அறையில் இருப்பவர்களுக்குக் கையில் எந்த இழுப்பும் இருப்பதாகவே தெரிவதில்லை. இழுப்பு இருக்கிறது, அதே அளவில் இருக்கிறது, உணர்வு இல்லை. அறை நின்ற பிறகு கையை நீட்டினால் கை இடப்பக்கம் போகிறது. அப்போது அவர்களுக்கு என்ன தோன்றுகிறது? ஏதோ ஒன்று கையைப் பிடித்துத் தள்ளுவதாகத் தோன்றுகிறது. விசை இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. இல்லாதபோது யாரோ தள்ளுகிறார்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. வேறொரு குழுவின் நிரலில் ஒரு பிழை. அவர்கள் திருத்துவதாகத் தெரியவில்லை. நாம் நம் பக்கத்தில் அதைச் சரிக்கட்டுகிற மாதிரி நாலு வரி எழுதிவிடுகிறோம். மூன்று வருடம் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஒருநாள் அவர்கள் நிஜமாகவே பிழையைத் திருத்திவிடுகிறார்கள். அன்று இரவு நம் சிஸ்டம் படுத்துவிடும். நாம் முதலில் திட்டுவது அவர்களைத்தான்.

*

தமிழில் இதற்கெல்லாம் ஒரு சொல் வைத்திருக்கிறோம். அனுசரிப்பு. கல்யாணமாகிப் போகும் பெண்ணிடம் “அனுசரிச்சுப் போ சாமி” என்று சொல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. பாதி பெண்ணாகவும் பாதி ஆணாகவும் சாமி நிற்கிற மலைக்குக் கீழே, அனுசரிப்பு மட்டும் ஒரு பாதியின் வேலை. அனுசரித்துப் பழகியவரைப் பார்த்து, “அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல, நிம்மதியாத்தான் இருக்காங்க” என்று சொல்வோம். பாதை நேராகப் போகிறது, அதனால் தள்ளல் இல்லை என்று முடிவு கட்டுவது இது.

அமர்த்திய சென் தன் எழுத்தில் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944-ல், கல்கத்தாவுக்குப் பக்கத்துச் சிங்கூரில் எடுத்தது. உங்கள் உடல்நிலை எப்படி என்று கேட்டபோது, மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் நோயாக இருப்பதாகவோ அவ்வளவு சரியில்லை என்றோ சொன்னார்கள். கணவரை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. அந்தக் காலத்து வங்கத்து விதவைகள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்திருப்பார்கள் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்றும் நினைக்க வேண்டாம். சுற்றும் அறையில் இருப்பவரிடம் கேட்டாலும், கையில் ஒன்றும் இழுக்கவில்லை என்றுதான் சொல்வார், மனமறிந்துதான் சொல்வார். ஒருவர் குறை சொல்லவில்லை என்பதை வைத்து அவருக்குக் குறை இல்லை என்று கணக்குப் போடக் கூடாது என்பதற்காகத்தான் சென் இதை மறுபடி மறுபடி சொன்னார்.

கொஞ்சம் கொஞ்சமாக வருகிற விசை இன்னும் மோசம். 1997-ல் வந்த ஒரு சோதனையில், கை போகும் திசைக்கும் திரையில் தெரியும் திசைக்கும் இடையே 90 பாகை கோணத்தை வைத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரேயடியாக, இன்னொரு குழுவுக்குப் பத்துப் பத்துப் பாகையாக. பத்துப் பத்தாகப் பெற்றவர்களே முழுமையாகப் பழகினார்கள். சாதாரண நிலைக்குத் திரும்பியபோது எச்சம் அதிகமாக இருந்ததும் அவர்களுக்குத்தான். ஒரேயடியாகத் தள்ளினால் ‘யாரு தள்றது’ என்று திரும்பிப் பார்ப்போம். பையப் பையத் தள்ளினால், தள்ளலை நம் கை என்றே நினைத்துக்கொள்வோம்.

கைமேல் குற்றம் இல்லை. இந்தத் திறமை இல்லாவிட்டால் ஒரு சொம்புத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோக முடியாது. சொம்பு நிறைய இருக்கும்போது ஒரு கணக்கு, குடிக்கக் குடிக்க வேறு கணக்கு. சிறுமூளை பழுதானவர்கள் இந்தக் கணக்கைப் போட முடியாமல் படும் பாட்டைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும். ஆனால் அந்த வரத்துக்குக் கண் கிடையாது. தள்ளுவது பூமியா, மோட்டாரா, மனிதரா என்று கை கேட்பதில்லை. கைக்கு நியாயம் தெரியாது, நேர்க்கோடு மட்டும்தான் தெரியும்.

*

சொம்பு என்று சொல்லிவிட்டதால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மாயி வீடு ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் காட்டுக்குள் இருந்தது. கவுண்டர் வீடு. பண்ணையத்தில் வேலை செய்தவர்கள் அருந்ததியர்கள். மத்தியானம் வாசலுக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வாய்க்குக் கீழே குவித்துக்கொள்வார்கள். அம்மாயி நின்றபடி சொம்பிலிருந்து ஊற்றுவாள். லீவுக்குப் போகும்போது அந்த வேலை எனக்கு வரும். ஏழு வயது இருக்கும். எனக்கு அது விளையாட்டு.

அது லேசான வேலை இல்லை. சொம்பு மேலே போனால் தண்ணீர் கையில் பட்டுத் தெறிக்கும், ஊற்றுகிறவன் கால் நனையும். கீழே வந்தால் சொம்பு விளிம்பு கையில் பட்டுவிடும். நடுவில் ஒரு சாண் அளவில் ஓர் உயரம் இருக்கிறது. சொம்பு காலியாகக் காலியாகச் சாய்ப்பைக் கூட்ட வேண்டும், உயரம் மாறக் கூடாது. தெறித்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொம்பு தாழ்ந்தால் மட்டும் திண்ணையிலிருந்து அம்மாயி “ம்ம்…” என்பாள். அவ்வளவுதான். “தூக்கி ஊத்து சாமி” என்று முதல் நாள் சொன்னதோடு சரி. ஏன் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நாலைந்து நாளில் அந்த “ம்ம்…” நின்றுவிட்டது. என் கைக்கு உயரம் வந்துவிட்டது. அப்புச்சியின் வயதில் இருந்த ஒரு பெரியவருக்கு அப்படி ஊற்றுவேன். அவரை ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைச் ‘சாமி’ என்பார்.

இந்த விசை எப்போதோ நிறுத்தப்பட்டுவிட்டது என்பதற்குத் தேதிகள் இருக்கின்றன. 1925-ல் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, புதுப்பாளையத்தில், ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதரோடு தீண்டாமை ஒழிப்பும் அதன் வேலைகளில் ஒன்று. 1950 ஜனவரி 26 முதல் அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-ல் அதைக் குற்றமாக்கித் தனிச் சட்டமும் வந்தது. என் கை அந்த ஒரு சாண் உயரத்தைக் கற்றுக்கொண்டது 1997 வாக்கில்.

அம்மாயி இறந்து, காரியத்துக்குப் போயிருந்தேன். அதற்குள் நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. பெரியாரும் அம்பேத்கரும் படித்திருந்தேன். படித்ததை நாலு பேருக்குச் சொல்லியும் இருந்தேன். அந்தப் பெரியவர் வந்து வாசலில் நின்றார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையைக் குவித்தார்.

“கையில ஊத்துங்க சாமி.”

ஊற்றினேன். தண்ணீர் பாதி இறங்கிய பிறகுதான் கவனித்தேன். டம்ளர் சரியாக ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

*

இந்தக் கதையைப் பல வருடம் நண்பர்களிடம் எச்சத்துக்கு உதாரணமாகச் சொல்லிவந்தேன். மோட்டார் நின்று எத்தனை காலம் ஆயிற்று, ஆனால் அவர் கையும் குவிகிறது, என் கையும் உயர்கிறது, இரண்டும் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கின்றன என்று. கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கும் சொல்லி முடித்ததும் ஏதோ கடன் அடைந்த மாதிரி இருக்கும்.

ஒருமுறை என் அறை நண்பன் ஒருவன் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். கையைக் குவித்துத் தண்ணீர் வாங்கிய குடும்பத்திலிருந்து வந்தவன். அப்புறம் சொன்னான்:

“உன் கைக்கு வேணும்னா அது எச்சம்டா. அவரு கைக்கு இல்ல. அவரு கணக்கச் சரியாத்தான் போட்டிருக்காரு. டம்ளர வாங்கிக் குடிச்சிருந்தா, நீ மறுநாள் பெங்களூர் பஸ் ஏறிடுவே. அந்த ஊர்ல இருக்கப்போறது யாரு?”

அந்தக் கதையில் நான் எல்லோரிடமும் சொல்லாமல் விட்டுவந்த ஒரு வரி இருந்தது. நான் டம்ளரோடு வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள்: “கண்ணு, அந்த டம்ளரா எடுத்துட்டுப் போனே? வெளிய மாடத்துல ஒண்ணு இருக்குதல்லோ.” அது அவர் காதில் விழுந்தது. என் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

ஆய்வகத்தில் மோட்டாரை நிறுத்துவது ஆய்வாளர். அது நின்றுவிட்டது என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அதனால்தான் அவர் ஒரு கோணலைப் பார்த்து ‘இது எச்சம்’ என்று சொல்ல முடிகிறது. ஊரில் அப்படி யாரும் இல்லை. மோட்டார் நின்றுவிட்டது என்று நான் எதை வைத்துச் சொன்னேன்? என்னை அது தள்ளவில்லை, அதை வைத்து. ஒடுக்கப்பட்டவர் ஒருவர் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து ‘பழக்கதோஷம்’, ‘தாழ்வு மனப்பான்மை’, ‘இன்னுமா இப்படி’ என்று சொல்கிற ஒவ்வொரு முறையும், நாம் விசை நின்றுவிட்டது என்று நாமே அறிவித்து, மிச்சமிருப்பது அவர் கையின் கோளாறு என்று ஆக்கிவிடுகிறோம். அவர் கையோ இன்றைய விசையை இன்றைக்கே அளந்துகொண்டிருக்கிறது.

நிஜமான எச்சத்தை வேறிடத்தில் தேட வேண்டும். 2009-ல் தமிழக அரசு அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்தபோது நான் பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தேன். அந்த 3 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள்ளேயே பிரித்துக் கொடுத்தது. எங்களுக்கு அதனால் ஓர் இடம்கூடக் குறையவில்லை. நாங்களே பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் சீட் வாங்கியவர்கள். அப்படியும் அன்று இரவு எங்கள் அறையில் பேச்சு, “நம்மளத்தான் எல்லாரும் சேந்து அமுக்கறாங்க” என்று. பேசியவர்களில் நானும் உண்டு. யாரும் நடிக்கவில்லை. நிஜமாகவே அமுக்குகிற மாதிரிதான் இருந்தது. புளியமரத்துக்கு எதிரில் இறங்கி நின்று, ஆரோ சேர்ந்து திருப்புகிறார்கள் என்று டிரைவரண்ணன் சொன்னபோது அவரும் நடிக்கவில்லை.

உணர்வு உண்மையாக இருப்பதால் மட்டும் விசை உண்மையாகிவிடாது. நான் தள்ளப்படுகிறேன் என்று ஒருவர் மனமாரச் சொல்லலாம், அவரைத் தள்ளிக்கொண்டு யாருமே இல்லாமல் இருக்கலாம். ஒன்றும் இல்லை என்று ஒருவர் மனமாரச் சொல்லலாம், சிங்கூர்ப் பெண்களைப் போல. இரண்டு பேரையும் அவரவர் உணர்ச்சியை மட்டும் கேட்டு நியாயம் சொல்ல முடியாது. அறை சுற்றுகிறதா என்று வெளியே போய்ப் பார்க்க வேண்டும். நிலம் யார் பேரில் இருக்கிறது, கிணறு யாருடையது, கூலியை யார் வைக்கிறார்கள், யார் வீட்டில் யார் பெண் எடுக்கிறார்கள், மாடத்தில் எத்தனை டம்ளர் இருக்கிறது என்று எண்ண வேண்டும்.

*

சரி, என் கைக்கு நான் எவ்வளவு பொறுப்பு?

தப்பித்துக்கொள்ள எனக்கு ஓர் ஆள் துணைக்கு இருந்தார். மருத்துவ நூல்களில் எச்.எம். என்று அறியப்பட்டவர். 1953-ல் வலிப்புக்காகச் செய்த மூளை அறுவைக்குப் பிறகு அவருக்குப் புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. ஷத்மெர் அவரையும் அந்த இயந்திரக் கரத்தில் உட்காரவைத்துப் பார்த்தார். மறுநாள் வந்தபோது அந்த இயந்திரத்தைப் பார்த்த நினைவே அவருக்கு இல்லை. கை மட்டும் நேற்றைய தள்ளலை எதிர்பார்த்துக்கொண்டு போயிற்று. ஆகவே கை கற்பது வேறு, நான் கற்பது வேறு, ஏழு வயதில் கை கற்றதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொரு சோதனையும் இதே பக்கம்தான் பேசுகிறது. 2006-ல் மாஸோனியும் கிராக்கவரும் செய்தது. திரையில் திசை 45 பாகை திரும்பிவிடும், அதைச் சரிக்கட்டக் குறியை 45 பாகை தள்ளி வையுங்கள் என்று முன்பே உபாயம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். முதல் வீச்சே சரியாகப் போயிற்று. ஆனால் போகப் போகக் குறி தவற ஆரம்பித்தது. உபாயம் அவர்களுக்குத் தெரியும், அதைக் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள், இருந்தும் கை அவர்களைக் கேட்காமல் தன் வழியில் பழகிக்கொண்டு வெற்றியைக் கெடுத்தது. பெரியாரைப் படித்துவிட்டு டம்ளரோடு வந்தவனின் கதையும் இதுதான்.

ஆனால் இதே ஆய்வுகளில் எனக்குச் சாதகமில்லாத இரண்டு விஷயங்களும் இருக்கின்றன. ஒன்று, பிழை தெரிந்தால்தான் கை கற்கும். என்னுடைய கைக்குப் பிழை என்று உணர்த்தியது எது? அம்மாயியின் “ம்ம்…”. அது சொம்பு தாழ்ந்தால் மட்டும் வந்தது. அந்தப் பெரியவருடைய மணிக்கட்டில் தண்ணீர் தெறித்ததும் என் கண்ணுக்குத் தெரிந்ததுதான், அதைப் பிழையாக எடுத்துக்கொள்ள எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஏழு வயதில் அது என் குற்றமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் இத்தனை வருடம் எதைப் பிழை என்று எண்ண வேண்டும் என்பதை நானே முடிவு செய்திருக்க முடியும். விடுதி அறையில் அன்றைக்கு நான் எண்ணியது எதை?

இரண்டு, எச்சம் தெளிந்துகொள்வதால் மட்டும் கரைவதில்லை. அறை நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டாலும் கை கோணலாகத்தான் போகும். மறுபடி மறுபடி நீட்டி, தவறித் தவறித்தான் அது நேராக வேண்டும். நேரான பிறகும் முழுக்க அழிந்துவிடுவதில்லை, பழைய விசைக்குள் திரும்பப் போனால் முதல் தடவையைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்கிறது. பெங்களூரில் யாருக்கும் நான் தூக்கி ஊற்றுவதில்லை. அது என் மாற்றத்துக்குச் சான்றில்லை, அங்கே அந்த வாசல் இல்லை என்பதற்குத்தான் சான்று. கையின் பாடம் அந்த வாசலில் கற்றது. அந்த வாசலில்தான் தவறித் தவறிக் கற்க வேண்டும்.

அரிஸ்டாட்டில் நற்குணத்தைக் கைத்தொழிலோடு ஒப்பிட்டார். யாழ் வாசித்து வாசித்து யாழ்க்காரர் ஆவதுபோல நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயவான் ஆக முடியும் என்றார். அதில் ஒரு சிக்கலை நான் சேர்த்துக்கொள்கிறேன். வாசிப்பது எந்த அறையில் என்பதும் முக்கியம். சுற்றும் அறையில் பழகிய நேர்க்கோடு நேர்க்கோடு இல்லை. வெளியே வந்தால்தான் தெரியும். என் கையைத் திருத்திக்கொள்வது என் கடமை, அதற்கு யாரும் மாலை போட வேண்டியதில்லை. ஆனால் அதனால் அறை நிற்காது. அந்தப் பெரியவர் டம்ளரைக் கையில் வாங்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதற்கு முன்னால், வாங்கினால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்ற நிலை இருக்க வேண்டும். அது என் மணிக்கட்டின் வேலை இல்லை.

நண்பன் பேசிய பிறகு ஊருக்குப் போனபோது அத்தையிடம் மாடத்து டம்ளரைப் பற்றிக் கேட்டேன். “அது பாட்டுக்கு இருக்குது, உன்னைய என்ன பண்ணுது?” என்றாள். எடுத்துக் கழுவி உள்ளே மற்ற டம்ளர்களோடு வைத்தேன். பொங்கலுக்குப் போனபோது அது மாடத்தில் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மறுபடி எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அன்று முழுக்க அதில்தான் தண்ணீர் குடித்தேன். முதல் மடக்குக் குடிக்கும்போது என் கை, கூச்சத்தோடு சொல்கிறேன், டம்ளரை உதட்டில் படாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தது.

அடுத்து நோம்பிக்குப் போக வேண்டும். டம்ளர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.